பெயிண்டிங் காசு யார் வீட்டுக் காசு?

"காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம். அது எல்லா இடத்துலயும் இருக்கறதுதான்."

ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகும் வழியில் டு-லெட் போர்டு தொங்கும் வீட்டின் கேட்டைத் தட்டினால், தண்ணீர் வசதி, பைக் நிறுத்த இடம், அசைவம் சமைக்கலாமா என்ற பேச்சோடு சேர்ந்து வரும் வாசகம் இது. கேட்பவரும் தலையாட்டிவிடுவார். வீடு கிடைத்தால் போதும் என்று அலையும் நேரத்தில், இரண்டு மூன்று வருஷம் கழித்து வரப்போகும் பிடித்தத்துக்காக யார் வாதாடுவார்கள்?

அந்தத் தலையாட்டலை ஆதாரமாக வைத்துத்தான் ஒரு கருத்து ஊரெங்கும் செல்லுபடியாகிறது. அட்வான்சில் கொஞ்சம் போவது இயல்பு, அது ஊர் வழக்கம், வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு அந்த உரிமை உண்டு, அதற்காகத் தகராறு செய்பவர் விவரம் தெரியாதவர் அல்லது வம்புக்காரர். வீட்டுக்காரர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. புரோக்கர் சொல்கிறார், பக்கத்து போர்ஷன்காரர் சொல்கிறார், பணத்தை இழந்தவரின் மாமனாரே சொல்கிறார்: "விடுங்க மாப்ளே, எட்டாயிரம் ரூபாய்க்குப் போய் எதுக்கு வீண் பகை?"

இந்தக் கருத்து சட்டப்படி தவறு. கணக்குப்படி அதைவிடத் தவறு.

முதலில் 'வழக்கம்' என்ற வாதம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கொடுப்பது பாட்டன் காலத்து நடைமுறை என்ற நினைப்பு பலருக்கு உண்டு. பாட்டன் காலத்துச் சட்டம் சொன்னது வேறு. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஒரே ஒரு மாதம். அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடப்பில் இருந்தது. அந்தக் காலம் முழுக்க, சட்டம் செல்லுபடியான நகரங்களில் வாங்கப்பட்ட ஒவ்வொரு பத்து மாத அட்வான்சும் அனுமதித்ததைப்போல் பத்து மடங்கு.

யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். 1996இல் கே. நரசிம்மராவ் வழக்கு இந்தச் சட்டத்தின் கீழேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. வாடகை பாக்கி என்று சொல்லிக் குடித்தனக்காரரை வெளியேற்றக் கேட்டார் வீட்டுக்காரர். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பணம் அவர் கையிலேயே இருந்தது. அந்த அதிகப்படிப் பணம் குடித்தனக்காரருடையது, அதை வைத்துக்கொண்டே பாக்கி என்று சொல்ல முடியாது, வாடகையில் வரவு வைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. ஆந்திராவின் கூடூர் ஓட்டல் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1989லேயே இதே திசையில் தீர்ப்பு வந்திருந்தது. ஆக, அட்வான்ஸ் வீட்டுக்காரரின் வருமானம் இல்லை, அவர் கையில் இருக்கும் அடுத்தவர் பணம் என்பது நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு முப்பது ஆண்டுக்கு முன்பே தெளிவாக இருந்தது. அம்பத்தூரின் புரோக்கர்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இப்போது அந்தப் பழைய சட்டமும் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்தது. வீட்டுக்காரர்களுக்குச் சாதகமாக எழுதப்பட்டது என்று சொல்லப்படும் சட்டம் அது. வாடகையை அரசு நிர்ணயிக்கும் பழைய முறை போய், இரு தரப்பும் பேசி முடிப்பதே வாடகை என்றானது. இரண்டு மாத பாக்கி இருந்தாலே வெளியேற்றக் கேட்கலாம். ஒரு மாதமாக இருந்த முன்பண வரம்பைக்கூட மூன்று மாதமாக அது ஏற்றிக் கொடுத்தது. இவ்வளவு தாராளம் காட்டிய சட்டமே 11ஆம் பிரிவில் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறது: காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், குடித்தனக்காரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளலாம். 'பெயிண்டிங்குக்கு ஒரு மாசம்' என்று நிலையான கட்டணம் எதையும் அங்கே காணோம்.

இந்த இடத்தில் வெள்ளானூர்க்காரர் ஒருவர் குறுக்கே கேட்கக்கூடும். வெள்ளானூர் ஆவடி மாநகராட்சியை ஒட்டிய ஊர்தானே தவிர மாநகராட்சிப் பகுதியாக வளர்ந்த ஊரல்ல. வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்துக் கிராமமாகவே இருந்து வந்தது. நகரத்துச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து நீட்டினால் எப்படி என்பார். அந்த விவாதத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடலாம், ஏனென்றால் அதைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆம் பிரிவு, குடியிருந்தவர் சொத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு விலக்கும் தருகிறது: நியாயமான புழக்கத்தால் ஏற்படும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை. மங்கிய சுவர் என்பது அந்தத் தேய்மானத்துக்கு முதல் உதாரணம். வெள்ளைக்காரன் காலத்திலேயே கிராமம், நகரம் என்ற பேதமில்லாமல் தீர்ந்துபோன சங்கதி இது.

சட்டம் போதும். ஒரு சீட்டைப் பார்க்கலாம்.

காலி செய்யும் நாளில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்திலோ பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த பக்கத்திலோ வீட்டுக்காரர் ஒரு கணக்கு எழுதுவார். எட்டாயிரம் ரூபாய் வாடகையும் ஐம்பதாயிரம் அட்வான்சும் உள்ள வீடு, மூன்று வருடக் குடியிருப்பு என்று மாதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்: பெயிண்டிங் 8,000. க்ளீனிங் 1,500. கிச்சன் குழாய் 450. பெட்ரூம் ஸ்விட்ச் 600. மோட்டார் ரிப்பேர் 2,000. கடைசி ஈ.பி. 950. ஆக மொத்தம் 13,500. கையில் 36,500.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யார் செலவு என்று பிரித்துச் சொல்கிறது. அதை இந்தச் சீட்டின் பக்கத்தில் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். குழாயும் குழாயின் வாஷரும் குடித்தனக்காரர் செலவு; 450 ரூபாய் சரி. ஸ்விட்சும் பிளக்கும் அவர் செலவே, 600 சரி. கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, வாஷ்பேசின் பழுது எல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது, அவற்றையும் வீட்டுக்காரர் சேர்த்திருந்தால் மறுக்க முடியாது. மின்கட்டணம் அவர் எரித்தது, அவர் கட்ட வேண்டும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தன் விருப்பத்துக்கு விலை போட்டிருந்தால் அது தனிச் சண்டை.

ஆனால் அதே அட்டவணையில் வீட்டுக்காரரின் பொறுப்பாக எழுதப்பட்டிருப்பவை என்ன? கட்டடத்தின் பெரிய பழுதுகள், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின் வயரிங், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது. சீட்டின் முதல் வரி, அதாவது மொத்தப் பிடித்தத்தில் பாதிக்கு மேல், சட்டப்படி எழுதியவரின் சொந்தச் செலவு. நான்கு போர்ஷனுக்கும் பொதுவான மோட்டாருக்கு ஒரு போர்ஷன்காரரிடம் இரண்டாயிரம் பிடிப்பதற்கும் இடமில்லை. க்ளீனிங் என்பது வீட்டை எந்த நிலையில் விட்டுப் போனார் என்பதைப் பொறுத்தது. ஆள் வைத்துக் கழுவியதற்குச் சீட்டு இருந்தால் பேசலாம். நியாயமாக நிற்கும் பிடித்தம் இரண்டாயிரம் ரூபாய்.

"சுவரெல்லாம் ஆணி அடிச்சு, குழந்தை கிரேயான்ல கிறுக்கி வச்சிருக்கே?" என்று கேட்கலாம். ஆணி அடித்த ஓட்டைக்கும் கிரேயான் கிறுக்கலுக்கும் காசு கேட்கலாம். அவை குடியிருந்தவர் செய்தவை. அந்தச் சுவருக்கு என்ன செலவோ அதைக் கேட்க வேண்டும். வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, டிஸ்டெம்பர் செதில் செதிலாக உரிந்து கிடப்பது குழந்தை செய்த வேலையில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குவதும், கட்டும்போது அடித்தளத்தில் ஈரத்தடுப்பு வைக்காமல் விட்டதும் அதற்குக் காரணம். மூன்று மழைக்காலம் அந்த ஓத வாடையைச் சுவாசித்துவிட்டு, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுப் படுத்தவர் போகும்போது அந்தச் சுவருக்குப் பெயிண்ட் காசும் கட்ட வேண்டும் என்பது நல்ல கூத்து.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிடித்த காசுக்குப் பெயிண்ட் அடிக்கப்படுகிறதா? பல வீடுகளில் பழைய குடித்தனக்காரரின் ஆணி ஓட்டைகளோடேயே புதியவர் பால் காய்ச்சுகிறார். அவர் போகும்போது அதே சுவருக்கு இன்னொரு மாத வாடகை.

இனி வட்டிக் கணக்கு. மேலே சொன்ன ஐம்பதாயிரம் மூன்று வருடம் வீட்டுக்காரரிடம் இருந்திருக்கிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று மிகச் சாதாரண வட்டி போட்டாலும் 9,000 ரூபாய். குடித்தனக்காரர் இதைக் கேட்பதில்லை, கேட்டால் சிரிப்பார்கள். அந்தப் பணம் அவரிடமே இருந்திருந்தால் வங்கியில் அவ்வளவு ஈட்டியிருக்கும், அல்லது அவ்வளவு நகைக்கடன் வட்டியை மிச்சப்படுத்தியிருக்கும். அதாவது பெயிண்டிங் காசு என்ற பெயரில் பிடிக்கப்படும் எட்டாயிரத்துக்கு மேலேயே அவர் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டார். ஒரே சுவருக்கு இரண்டு முறை பணம் கட்டியவரைத்தான் ஊர் 'அல்பம்' என்கிறது.

பிடித்தம் உண்மையில் வீட்டுச் சேதத்துக்காக என்றால், அது சுவரின் நிலையைப் பொறுத்துக் கூடவும் குறையவும் வேண்டும். இந்தப் பகுதியில் யாருடைய பணம் அதிகம் நிற்கிறது என்று விசாரித்தால் கதை வேறு. ஆவடி சுற்றுவட்டாரம் இடம்மாறுகிறவர்களின் ஊர். கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், படைத்துறை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் என்று மத்திய அரசின் பாதுகாப்பு நிறுவனங்கள் நிறைந்தது. மாற்றல் உத்தரவு வந்தால் ஜபல்பூருக்கோ புனேவுக்கோ கிளம்ப வேண்டும். வெள்ளானூரில் வேல்டெக் இருப்பதால் மாணவர்கள், அதிலும் ஆந்திரப் பிள்ளைகள், நாலு பேராகச் சேர்ந்து அட்வான்ஸைப் பங்கு போட்டு வீடு எடுக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி வந்த வட மாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்குகிறார்கள்.

மே மாதம் தேர்வு முடித்துச் சாவியைக் கொடுக்கும் மாணவரிடம், "ஜூன்ல புதுப் பசங்க வந்ததும் ஜிபே பண்ணிடறேன் தம்பி" என்பார் ஓனர். தம்பி அன்று இரவு ரயிலில் நெல்லூர் போய்விடுவார். ஜூனில் புதுப் பசங்களும் வருவார்கள், புது அட்வான்சும் வரும். தம்பியின் அழைப்பைத்தான் எடுக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர், அதுவும் வார்டு மெம்பரைத் தெரிந்தவர் என்றால் அதே வாரத்தில் கணக்கு முடிந்துவிடும், பெயிண்டிங் பேச்சே எழாது. சுவர் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். போகிறவர் எவ்வளவு தூரம் போகிறார், திரும்பி வந்து கேட்க முடியுமா என்பதை வைத்தே பிடித்தம் முடிவாகிறது. இதற்குச் சேத ஈடு என்று பெயர் வைத்தது யார்?

'அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்' என்பதை வீட்டுக்காரர்களின் கஷ்டம் என்று பரிவோடு விளக்குகிறவர்கள் உண்டு. ஓய்வு பெற்றவர், வாங்கிய அட்வான்ஸை மாடிப் போர்ஷன் கட்டப் போட்டுவிட்டார், மகள் கல்யாணத்துக்கு எடுத்துவிட்டார், கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பார்? கஷ்டம் உண்மையாக இருக்கலாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, தேங்காய்க்காரரைக் காத்திருக்கச் சொல்வதுதான் சரியில்லை. அதே நாளில் காலி செய்கிறவருக்கு என்னென்ன செலவு? புது வீட்டுக்கு அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்ற டாடா ஏஸ், முதல் மாத வாடகை. பழைய அட்வான்ஸ் வராததால் மனைவியின் வளையல் அடகுக்குப் போகிறது. வீட்டுக்காரரின் மாடிப் போர்ஷனுக்கான வட்டியைக் கட்டுவது அந்த வளையல்.

கொரோனா ஊரடங்கின்போது இது பட்டவர்த்தனமானது. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டது. வேலையிழந்தவர்கள் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். பல வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர்கள் "அட்வான்ஸ் வேற, வாடகை வேற" என்றார்கள். பெயிண்டிங்குக்குக் கழிக்கும்போது இரண்டும் எப்படி ஒன்றாகின்றன என்று கேட்க அப்போது யாருக்கும் தெம்பில்லை.

வீட்டுக்காரர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. கடைசி மூன்று மாதம் வாடகையே தராமல், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஈ.பி. பாக்கியோடும் உடைந்த கோப்பையோடும் ராத்திரியில் கிளம்பிவிடும் குடித்தனக்காரர்கள். இருக்கிறார்கள், பொய்யில்லை. அவர்களால் நல்ல வீட்டுக்காரரும் உஷாராகிறார். ஆனால் அந்தத் தந்திரம் ஏன் இவ்வளவு பரவியது? 'கேட்டால் தர மாட்டாங்க, முன்னாடியே கழிச்சுடு' என்பதுதான் அனுபவஸ்தர்கள் புதிதாக வாடகைக்கு வருபவருக்குக் கொடுக்கும் முதல் புத்திமதி. பணம் ஒழுங்காகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால் கடைசி மாத வாடகையை நிறுத்தி வைக்க ஆள் குறைவு. உண்மையான பாக்கியைக் கழித்துக்கொள்ளச் சட்டமே அனுமதிப்பதால், ஏமாற்றுகிறவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. ஏமாற்றாதவரிடமும் ஒரு மாதம் பிடிப்பதற்கு அது காரணமாகாது.

"அக்ரிமென்ட்ல எழுதிக் கையெழுத்து போட்டாரே" என்பது அடுத்தது. பதினோரு மாத அக்ரிமென்ட், முத்திரைத்தாளில், முச்சந்தி ஜெராக்ஸ் கடையில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்சடித்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த உபாயம்தான் அந்தப் பதினோரு மாதம். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உபாயத்தைக் காலாவதியாக்கிவிட்டது. எத்தனை மாத வாடகை ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமும் இருக்கிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்து உரிமை கோருவதற்குச் சட்டமே தடை போடுகிறது. பெயிண்டிங் ஷரத்தைக் காட்டி மிரட்டுகிறவர், அந்த அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாடகை வருமானம் கணக்கில் ஏறிவிடும் என்று பதிவைத் தவிர்த்தவர் அந்த ஷரத்தையும் கூடவே தவிர்த்துக்கொண்டார்.

இதே நோயின் முற்றிய வடிவம் போக்கியம், பேச்சு வழக்கில் 'லீஸ்'. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது திரும்ப வாங்கும் முறை. வீட்டுக்காரரிடம் வாடகைக்கு எடுத்து, வேறொருவரிடம் லட்சக்கணக்கில் போக்கியத்துக்கு விட்டுவிட்டுக் கம்பி நீட்டும் இடைத்தரகர்கள் மீது சென்னையில் போலீஸ் புகார்கள் குவிந்ததைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். தென்கொரியாவில் இதே முறைக்கு 'ஜொன்சே' என்று பெயர். அங்கே வீட்டு விலை இறங்கியபோது ஆயிரக்கணக்கானோரின் மொத்தச் சேமிப்பும் சிக்கி, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அடுத்த ஆள் பணத்தில் முதல் ஆளுக்குத் தரும் சங்கிலி, அடுத்த ஆள் வராத மாதத்தில் அறுந்துபோகும். வெள்ளானூரின் ஐம்பதாயிரத்துக்கும் இதே விதிதான்.

'எல்லா ஊரிலும் இப்படித்தான்' என்பதும் உண்மையில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு வீடு விட்டிருக்கும் தமிழர்களைக் கேட்டால் தெரியும். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வழக்கமான வாடகைக் குடியிருப்புகளில், முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். முப்பது நாளுக்குள் சேர்க்காவிட்டால் அந்தத் தொகையைப்போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை குடித்தனக்காரருக்கு அபராதமாகத் தர நேரும். 2019க்குப் பிறகு பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு. தகராறு வந்தால், சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். பணம் குடித்தனக்காரருடையது என்பதிலிருந்துதான் விசாரணையே தொடங்குகிறது. சிட்னியில் இந்தப் பணத்தை வைத்திருப்பதற்கென்றே அரசு வாரியம் ஒன்று 1977 முதல் இயங்குகிறது. வீட்டுக்காரர் கைக்கே அது போவதில்லை.

பெயிண்டிங் விஷயத்தில் எல்லோரையும்விட நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர்கள் ஜப்பானியர்கள். அங்கும் காலி செய்யும்போது சுவர்த்தாள் மாற்றக் காசு பிடிக்கும் வழக்கம் இருந்தது, அதுவும் 'ஊர் வழக்கம்' என்றே சொல்லப்பட்டது. 1998இல் அரசு ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது. இயல்பான புழக்கத்தால் வரும் தேய்மானம் வீட்டுக்காரர் செலவு என்பது அதன் அடிப்படை. அந்த நெறிமுறை வளர்ந்த விதத்தில், சுவர்த்தாளுக்கு ஆறு ஆண்டு ஆயுள் என்று வைத்து ஆண்டுதோறும் அதன் மதிப்பைக் குறைக்கிறார்கள். ஆறு ஆண்டு முடிந்தால் மிச்ச மதிப்பு ஒரே ஒரு யென். குடித்தனக்காரர் கிழித்திருந்தாலும் புதுத் தாளின் முழு விலையைக் கேட்க முடியாது. 2020 ஏப்ரலில் தேய்மான விதி உரிமையியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஊர் வழக்கங்கள் மாறும், மாற்ற ஆள் இருந்தால்.

நம் நாட்டில் என்ன குறை? 2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டம், வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைதான் முன்பணம் என்றும், சாவி வாங்கும்போதே அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அதிலேயே ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. காலம் முடிந்தும் காலி செய்யாத குடித்தனக்காரர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகையும் அதன்பின் நான்கு மடங்கும் கட்ட வேண்டும். பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் தனி வட்டி கட்டினால் போதும். ஒருவர் தாமதித்தால் நான்கு மடங்கு, இன்னொருவர் தாமதித்தால் வங்கி வட்டி மாதிரி ஏதோ ஒன்று. இது மாறாமல் தாமதம் நிற்காது. தமிழ்நாடு அரசு, வாடகை ஒப்பந்தப் பதிவோடு சேர்த்து முன்பணத்தையும் வாடகை அதிகாரியின் கணக்கில் வைக்க ஏற்பாடு செய்யலாம், அல்லது திருப்பித் தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாத வாடகை என்று அபராதம் எழுதலாம். இரண்டுக்கும் புது அலுவலகம் எதுவும் தேவையில்லை.

அதுவரை, 'கோர்ட்டுக்குப் போனால் அதைவிடச் செலவு' என்ற கடைசி வாதம் மிச்சமிருக்கிறது. போலீஸ் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் வக்கீல் செலவு எல்லோருக்கும் தடையில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் தங்கள் வருமானத்தைக் காட்டாமலே இலவசச் சட்ட உதவி கேட்கலாம். வீடு மனைவி பெயரில் எடுக்கப்பட்டிருந்தால் அவரே விண்ணப்பிக்கலாம். வழக்கு போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் முடியும். ஒரு நோட்டீஸ் போனதுமே கணக்கை முடித்துவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு, ஏனென்றால் பதிவு செய்யாத அக்ரிமென்ட்டோடு வாடகை நீதிமன்றத்தில் போய் நிற்க அவர்களுக்கும் விருப்பமில்லை.

குடிபோகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அட்வான்ஸைக் கையில் எண்ணிக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். பால் காய்ச்சும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் வீடியோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், ஓதம் உள்ள மூலையை நெருக்கமாக எடுங்கள். சாவி கொடுக்கும்போது தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். பிடித்தம் என்றால் பில் கேளுங்கள். பெயிண்ட் கடை பில், மேஸ்திரி சீட்டு, எதுவானாலும். "விட்டுத்தள்ளு" என்று சொல்லும் மாமனாரிடம் வட்டிக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே காலி செய்து பணம் வராமல் போனவர்களுக்கும் நேரம் இருக்கலாம். தர வேண்டிய பணத்துக்கு, அது தரப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் பொது விதி. நெல்லூருக்குப் போய்விட்ட மாணவருக்கும் ஜபல்பூருக்கு மாற்றலானவருக்கும் அதே மூன்று ஆண்டுதான்.